ப்ளேனில் வருவாள் என்று

குரூப்பில் நீங்கள் போட்ட போட்டோவைப் பார்த்தேன். காத்மாண்டுவில் அந்தப் பெரிய கோயில் படிக்கட்டில் பத்துப் பேரும் இருக்கிறோம். மேல்படியில் இந்தி டீச்சர், அவருக்குப் பக்கத்தில் குடையை மடக்கிப் பிடித்தபடி டீச்சர் வீட்டுக்காரர். வெயிலில் எல்லோருக்கும் கண் சுருங்கியிருக்கிறது. போட்டோவுக்குக் கீழே, "மறுபடி ஒரு ட்ரிப் போலாமாப்பா? இந்த வாட்டி நெஜமாவே ப்ளேன்ல" என்று எழுதி, சிரிக்கிற பொம்மை மூன்று வைத்திருந்தீர்கள். ஏழு பேர் கட்டைவிரல் தூக்கியாயிற்று. ஒரு ஆள் மட்டும் சத்தமே இல்லையே, எப்போதும் முதலில் குதிக்கிற ஆளாச்சே என்று என்னைத்தான் கேட்டீர்கள்.

சொல்கிறேன். எதையும் சுருக்கமாகச் சொல்லத் தெரியாதவள் நான், உங்களுக்கே தெரியும். நாற்பது தாண்டியும் அது மாறவில்லை. இதை நான்கு முறை எழுதி நான்கு முறையும் அழித்துவிட்டேன். இந்த முறை அழிப்பதற்குள் அனுப்பிவிட வேண்டும்.

டீச்சர் வீடு ஞாபகம் இருக்கிறதா? சங்கராபுரத்தில் உரக்கடைக்குப் பின்னால் ஓட்டு வீடு. இந்திப் புத்தகத்தை எப்போது திறந்தாலும் எனக்கு யூரியா வாசனைதான் வரும். சாயங்காலம் ஐந்தரைக்குச் சிமெண்ட் தரையில் பாய் போட்டு உட்கார்ந்து நாம் போட்ட கூச்சலில், உரக்கடையில் மூட்டை தூக்குகிறவர்கள் நம்மைப் போலவே இழுத்து இழுத்துச் சொல்லிக் காட்டுவார்கள். "இந்தி படிச்சு இன்னா பண்ணப் போறீங்க? பீடா கடை வெக்கப் போறீங்களா?" என்று ஒருத்தர் தினமும் கேட்பார். நாமும் தினமும் சிரிப்போம்.

நம்மில் ஒருத்திதான் என் கூட்டாளி. போட்டோவில் இடது ஓரத்தில் மெரூன் ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறாளே, அவள். உட்காரச் சொன்னதற்கு, "நின்னா பெருசா தெரிவேன் டீச்சர்" என்றவள். ஏரிக்கு அந்தாண்டைத் தெருவில் அவள் வீடு. அப்பா கரும்பு வெட்டப் போவார். அம்மா எந்த வேலை கிடைத்தாலும் போவார்; சித்திரை, வைகாசியில் மலைக்கு ஏறி மரவள்ளிக் கிழங்கு பிடுங்குவார். ஒரே பெண். நாமெல்லாம் புத்தகத்தில் இந்தி படித்தோம். அவள் ஊராட்சி டிவியில் படித்தாள். ராத்திரி தமிழ் நிகழ்ச்சி முடிந்து டெல்லிக்காரர்கள் பேச ஆரம்பித்ததும் ஊரே எழுந்து போய்விடும். இவள் மட்டும் வாட்ச்மேன் அணைக்கிறவரை உட்கார்ந்திருப்பாளாம். ஒருநாள் டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்று, டிவியில் செய்தி வாசிக்கிறவர் குரலில் எதையோ சொன்னாள். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, "உள்ள வா கண்ணு" என்றார். அவளிடம் அதன்பிறகு ஃபீஸ் என்று ஒரு வார்த்தை பேசியதில்லை; ட்ரிப்புக்கும் அவள் பங்கை டீச்சரே போட்டார். டீச்சரைப் பற்றி இனி நான் சொல்லப்போவதைப் படிக்கும்போது இதையும் மறந்துவிடாதீர்கள்.

நேபாள யோசனை டீச்சருடையது. பாஸ்போர்ட் வேண்டாம், ரயிலிலேயே போகலாம், வழியெல்லாம் இந்தி பேசலாம், அதே எழுத்துத்தான் கடைப் பலகையிலும் இருக்கும், ஆனாலும் அது வெளிநாடு. அந்தக் கடைசி வார்த்தைதான் நம்மைப் பிடித்துக்கொண்டது. மாணவர்களை வெளிநாடு அழைத்துப் போகும் ஒரே இந்தி வகுப்பு என்று வெள்ளைச் சுவரில் நீலத்தில் எழுதினார்கள். எழுதிய பெயிண்டர் சும்மா இருக்காமல் மூலையில் ஒரு விமானம் வரைந்துவிட்டார். "ஏம்ப்பா இது?" என்று டீச்சர் கேட்டதற்கு, "வெளிநாடுன்னு போட்டீங்களே, அதான்" என்றார். அழிக்கவில்லை. அழகாகத்தான் இருந்தது.

போகிறதற்கு இரண்டு வாரம் முன்னால், நோட்டு வாங்க என் கூட்டாளி வீட்டுக்குப் போனேன். வாசலில் அவள் அம்மா முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தூசி தட்டி ஒரு பலகையைப் போட்டார். நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். இது முக்கியம், மூன்று பேர்தான்.

"ஏம் பாப்பா, வெளிநாட்டுக்கு எதுல போவீங்க?"

இவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "ப்ளேன்லதாங்க்கா. வெளிநாட்டுக்கு இன்னா பஸ்ஸா போவும்?"

ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். எனக்கு எதையும் கொஞ்சம் பெரிதாக்கிச் சொன்னால்தான் திருப்தி. அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டார். மகளை மேலும் கீழும் பார்த்தார், அவளுக்கு ஏதோ உடம்புக்கு வந்துவிட்ட மாதிரி. பிறகு, "எம்பொண்ணா?" என்றார். அவ்வளவுதான்.

ஏரிக்கரையில் திரும்பி வரும்போது என் கூட்டாளி என் ஜடையைப் பிடித்து இழுத்தாள். "ஏன்டி அப்பிடி சொன்ன?"

"சும்மா சொன்னேன்டி. நீ போய் இல்லன்னு சொல்லிடு."

மறுநாள் வகுப்பில் கேட்டேன், சொல்லிவிட்டாயா என்று. "எப்பிடிடி சொல்றது? நேத்து ராவே தெரு பூரா சொல்லிட்டுது. காலைல தண்ணி புடிக்க போனா எனக்கு வழி வுடறாங்க." கொஞ்சம் சிரித்தாள். "வந்துட்டு சொல்லிக்கலாம்."

அந்தத் தெருவில் ப்ளேன் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியாது. சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போன பையன் ஒருவன் அங்கே இருந்தான். அவன் அப்பா செத்தபோது காலையில் செய்தி போயிற்று. மறுநாள் மத்தியானம் அவன் தெருவில் நின்றான். ஐஸில் வைத்திருந்த அப்பா வாயில் அரிசி போட்டான். அன்றிலிருந்து அந்தத் தெருவுக்கு அது ஒரு கணக்காகிவிட்டது: ப்ளேனில் போன பிள்ளை எங்கே இருந்தாலும் மறுநாள் வந்துவிடும், அதுவரை பிணத்தை எடுக்கக் கூடாது.

டீச்சர் கொடுத்த பட்டியலில் 'ஸ்வெட்டர் ஒன்று' என்று இருந்தது. நேபாளம் என்றால் பனி என்று நம் எல்லோருக்கும் நினைப்பு, டீச்சருக்கும்தான். மே மாதக் கத்திரி வெயிலில் கள்ளக்குறிச்சிக் கடைகளில் ஸ்வெட்டர் கேட்டு நம் அப்பாக்கள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். என் கூட்டாளியின் அம்மா மலைமேல் கரியாலூரில் வேலைக்குப் போன வீட்டில் பழையது ஒன்று வாங்கி வந்தார். மெரூன் கலர், ஒரு முழங்கையில் பிரிந்திருந்தது, முகத்தருகே கொண்டுபோனால் விறகுப் புகை வாசனை. நாம் கிளம்பிய அன்று அதை மஞ்சள் பையில் வைத்து, மலையிலிருந்து நேராக பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டுவந்தார். காலில் செம்மண். பஸ் நகரும்போது ஜன்னலோரம் நடந்து வந்து, "ப்ளேன் எங்க நிக்கும் பாப்பா?" என்று என்னைத்தான் கேட்டார்.

"மெட்ராஸ்லங்க்கா."

"பாத்து ஏறுங்க" என்றார்.

அந்த ரயில் பயணத்தை நீங்கள் எல்லோரும் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். புளிசாதம் இரண்டாம் நாள் நூல் விட்டது, கழிவறைக் கதவு மாட்டிக்கொண்டு ஒருத்தர் உள்ளே கிடந்தது, எல்லாம். எனக்கு ஞாபகம் இருப்பது வேறு. வடக்கே போகப் போக நம் சான்றிதழ்கள் எல்லாம் வாயடைத்துப் போயின. ஏறினவர்கள் பேசிய வேகம் டீச்சருக்கே பிடிபடவில்லை. ஏதோ ஒரு ஸ்டேஷனில் நம் இருக்கையில் ஒரு குடும்பமே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தபோது, டீச்சர் இலக்கணச் சுத்தமாக இரண்டு வாக்கியம் பேசினார். அவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். என் கூட்டாளி எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஏதோ கேட்டாள். அந்த வண்டியே சிரித்தது. அவர்களும் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். போகும்போது கிழவர் ஒருவர் அவள் கையில் வெள்ளரிக்காய் கொடுத்துவிட்டுப் போனார்.

"இன்னாடி சொன்ன?"

"எங்க ஊர்ல இருந்து ரெண்டு நாளா நின்னுக்கினே வந்தேன், உங்க ஊர்லயும் நிக்கணுமான்னு கேட்டேன். பொய்தான்."

அதற்கப்புறம் தண்ணீர், டீ, கூலி, பஸ் எல்லாவற்றுக்கும், "கண்ணு, நீ கேளு" என்பார் டீச்சர். எல்லாப் பரீட்சையிலும் முதல் வகுப்பு வாங்கிய எனக்கு எரிந்தது. இதையும் எழுதிவிடுகிறேன்.

எல்லைக் கதவுக்கு அடியில் நடந்து போனோமே, அப்போது அவள் நின்று, ஒரு காலை அந்தப் பக்கமும் ஒரு காலை இந்தப் பக்கமும் வைத்து, "இப்ப எந்த நாடுடி நானு?" என்று கேட்டாள். போலீஸ்காரர் விரட்டினார்.

காத்மாண்டுவில் பனியும் இல்லை, குளிரும் இல்லை. புழுதி. பத்து ஸ்வெட்டரும் பெட்டிக்குள் கிடந்தன, ஒன்றைத் தவிர. போய்ச் சேர்ந்த சாயங்காலம் டீச்சர் நம்மைப் போன் பூத்துக்கு அழைத்துப் போனார். ஆளுக்கு இரண்டு நிமிஷம். என் அப்பாவுக்கு சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் எஸ்டிடி பூத் இருந்ததால், வீட்டில் போன் இல்லாதவர்களுக்கான சேதியெல்லாம் அங்கேதான் போகும். டீச்சர் முதலில் பேசினார். கண்ணாடிக்கு உள்ளே அவர் ரிசீவரை வைத்தபிறகும் அதன்மேல் கையை வைத்தபடியே நின்றதைப் பார்த்தோம். வெளியே வந்து நம் யார் முகத்தையும் பார்க்காமல், "அடுத்து யாரு" என்றார்.

அடுத்து நான். என் கூட்டாளி கதவு வரைக்கும் கூடவே வந்தாள். "எங்கம்மா உங்கப்பா கடப் பக்கம் வந்தா நான் நல்லா கீறேன்னு சொல்லச் சொல்லுடி. குளிருதுன்னு சொல்லச் சொல்லு. இல்லன்னா ஸ்வெட்டர் வீணாப் போச்சேன்னு நெனைக்கும்."

கதவைச் சாத்தினேன்.

"இன்னாமா, சாப்ட்டியா?" அப்பாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "அந்தப் பொண்ணு பக்கத்துல கீதா?"

"வெளிய நிக்கிறாப்பா."

"காட்டிக்காத. அவங்கம்மா தவறிட்டாங்க. கரியாலூர்லேர்ந்து கெழங்கு லாரி மேல குந்திக்கினு எறங்கிருக்காங்க. வளைவுல லாரி கவுந்துடுச்சு. கெழங்கு மூட்டையோட விழுந்து, அங்கியே... டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். நீ வாயத் தொறக்காத, இன்னா?"

சரி என்றேன்.

"அதுகூட பரவால்லம்மா. இவங்க பொணத்த எடுக்க மாட்றாங்க. நேத்து மத்தியானம் ஆஸ்பத்திரிலேர்ந்து குடுத்தது. ஐஸ்கட்டி போட்டு வெச்சிருக்காங்க. இந்த வெயிலுக்கு அது எத்தினி நேரம் தாங்கும்? பொண்ணு ப்ளேன்ல போயிருக்கு, ப்ளேன்ல வந்துடும்னு குந்திக்கினு கீறாங்க. ரயிலுலதாம்மா போனாங்க, நாலு நாளாவும்னு சொன்னா, ஏழப் பொண்ண தனியா ப்ளேன் ஏத்தி அனுப்ப மனசில்லாம பொய் சொல்றேன்னு அந்தப் பொண்ணோட அத்த என்னைய ஏசறாங்க. செத்துப்போன அம்மாதான் தெரு பூரா ப்ளேன்னு சொல்லிச்சாம். அதுக்கு யாரு சொன்னது? நீ எதனா ஒளறினியா?"

மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் கூட்டாளி மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி, பன்றி மாதிரி முகம் காட்டினாள். நான் சிரிக்கிறேனா என்று பார்த்தாள்.

"இல்லப்பா" என்றேன். "அவதான் சொல்லிக்கினு இருந்தா."

"அதான பாத்தேன். பெருமைக்கு சொல்லிருக்கும், சின்னப் பொண்ணு. சரி, நான் சொல்லிக்கிறேன்."

அவ்வளவுதான். ஒரு வாக்கியம். அப்பா அடிப்பார் என்கிற பயமா என்றால், என் அப்பா என்னை அடித்ததே இல்லை.

வெளியே வந்தேன். "சொன்னியாடி?"

"சொன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"சரின்னாரு."

எதிர்க் கடையில் கண்ணாடி ஜாடி நிறைய கலர் காகிதம் சுற்றிய மிட்டாய் இருந்தது. அதைப் பார்க்க ஓடினாள்.

அன்று ராத்திரி டீச்சர் என்னை நாம் தங்கியிருந்த தர்மசாலையின் மாடிப்படிக்குக் கூப்பிட்டார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. "கேளு கண்ணு. நமக்கு ரிட்டன் டிக்கெட் நாளன்னிக்குதான். இப்ப சொன்னாலும் அதே ரயில்தான், அதே நாள்தான் போய்ச் சேருவோம். சொன்னா வழி பூரா அழுதுகினே வருவா. சொல்லலன்னா இந்த நாலஞ்சு நாளாச்சும் சந்தோஷமா இருப்பா. அப்புறம் வாழ்க்க பூரா அழப்போறா. நீ பெரிய பொண்ணு. மூச்சு விடக்கூடாது."

பெரிய பெண் என்றதும் எனக்கு உள்ளுக்குள் நிமிர்ந்தது. அந்த வயசில் ஒரு சாவு ரகசியத்தைப் பெரியவர்களோடு சேர்ந்து வைத்திருப்பது பெருமையாகத்தான் இருந்தது. டீச்சர் சொன்னதில் தப்பு என்ன என்று இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் யோசித்திருக்கிறேன். கணக்கு சரிதான். அதே ரயில், அதே நாள். ஆனால் அந்த நாலு நாள் சிரிப்பை அவள் பிற்பாடு எப்படித் திரும்பிப் பார்ப்பாள் என்பதை டீச்சர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அவரும் அந்தப் படியில் என்னோடு உட்கார்ந்து அழுதிருப்பார். நல்ல மனுஷி.

அதற்கப்புறம் டீச்சர் அவளைத் தாங்கினார். தன் தட்டிலிருந்து ஜிலேபி எடுத்து வைத்தார். தானே தலை பின்னிவிட்டார், இரண்டு முறை பிரித்துப் பின்னினார். நீங்கள் போட்ட போட்டோ அதற்கு மறுநாள் எடுத்ததுதான். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், எல்லோரும் கேமராவைப் பார்க்கிறோம், டீச்சர் மட்டும் இடது ஓரத்தைப் பார்க்கிறார்.

"டீச்சர் ஏன்டி என்னைய இப்பிடி தாங்கறாங்க?" என்று அவள் கேட்டாள்.

"நீதான நல்லா பேசற" என்றேன்.

திரும்பி வருகிற ரயில். இரண்டாம் நாள் மத்தியானம். நீங்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். வெளியே காய்ந்த நிலம், அனல் காற்று. அவள் ஸ்வெட்டரைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்திருந்தவள், எழுந்து என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"அடியே, நான் யோசிச்சிட்டேன். எங்கம்மாகிட்ட ப்ளேன் இல்லன்னு சொல்லப் போறதில்ல. அது தெருவுல மானம் போயிடும்னு நெனைக்கும். ப்ளேன்னே சொல்லிடறேன். ஆனா அது தோண்டித் தோண்டிக் கேக்கும். நீ புத்தகத்துல படிச்சிருப்ப இல்ல, சொல்லு. ஏறும்போது வயித்துல எப்பிடி இருக்கும்?"

"ராட்டினம் மாதிரி."

"மணலூர்பேட்டை ஆத்துத் திருநாளுக்குப் போடுவாங்களே, அந்த ராட்டினமா?"

"அத விட பெருசு."

"சாப்பாடு?"

"தட்டுல தருவாங்க. சின்னச் சின்னதா."

"மிட்டாய் தருவாங்கதான? அதுக்குதான் வாங்கி வெச்சிருக்கேன்." பாவாடை மடிப்பிலிருந்து ஐந்தாறு மிட்டாய்களை எடுத்துக் காட்டினாள். பளபளப்பான காகிதம், மேலே இந்தி எழுத்து. "ப்ளேன்ல குடுத்தாங்கன்னு குடுத்துடுவேன். எழுத்தப் பாத்தா நம்பிடும்."

"ஜன்னல் தொறக்க முடியாதுன்னு சொல்லு" என்றேன். "ப்ளேன்ல ஜன்னல் தொறக்காது."

"அப்பிடியா? நல்லவேள சொன்ன." மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. "இருடி. மேலேர்ந்து மல தெரியும்தான? கல்வராயன் மல எத்தினி பெருசு! அத எப்பிடி தெரியாம போவும்? நீ கரியாலூர்ல கெழங்கு புடுங்கிக்கினு இருந்த, நான் மேலேர்ந்து பாத்தேன், கைய ஆட்டினேன், நீதான் பாக்கலன்னு சொல்லுவேன்."

நான் வெளியே பார்த்தேன்.

"நம்புவாங்களா?"

"நம்பும்டி எங்கம்மா. நான் எது சொன்னாலும் நம்பும். சொல்லட்டா?"

"சொல்லு" என்றேன்.

எதிர் இருக்கையில் டீச்சர் கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை. மூடிய இமைக்குக் கீழே ஈரம் இருந்தது.

சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் மத்தியானம் மூன்று மணிக்கு இறங்கினோம். அந்த வெயிலில் அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள். "அம்மா பாக்கட்டும்." கழுத்து வியர்த்து, முடி ஒட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸைவிட்டு அவள்தான் முதலில் குதித்தாள்.

அப்பா பூத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் என் கூட்டாளியின் அப்பா, தாடியோடு, குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவளுடைய அத்தை மட்டும் நேரே வந்தாள். டீச்சர், "இருங்கம்மா, இருங்க, நான் பேசறேன்" என்று பின்னால் ஓடி வந்தார். அத்தை காதில் வாங்கவில்லை. தலையிலிருந்து கால்வரை அவளைப் பார்த்தாள், அந்த ஸ்வெட்டரை.

"வந்துட்டியா மகாராணி? ப்ளேன்லதான் வந்தியா?"

என் கூட்டாளி சிரித்தாள். அத்தை கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்தாள். அம்மாவுக்கென்று ஒத்திகை பார்த்து வைத்ததை அத்தையிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்திருப்பாள். நேராக நின்றுகொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"ஆமா அத்த. ப்ளேன்லதான். மிட்டாய்கூட குடுத்தாங்க."

அத்தை அறைந்தாள். மடியிலிருந்த மிட்டாய்கள் தார் ரோட்டில் தெறித்தன.

"ரெண்டு நாளு! ரெண்டு நாளு ஐசுல போட்டு வெச்சிருந்தோம்டி உங்கம்மாள! பொண்ணு ப்ளேன்ல வரும், வாய்க்கரிசி போடும்னு. மரத்தூள கொட்டி, ஐஸ கொட்டி, அது ஊதிப்போயி மொகமே தெரியாம... கடைசில தூக்கறதுக்குகூட ஆளு வரல. பெருமைக்கு சொன்னியாமே, பெருமைக்கு! அத்தன ஆசையாடி உனக்கு ப்ளேன் மேல?"

தன் அம்மா செத்துப்போனதை அவள் தெரிந்துகொண்டது அப்படித்தான். நடு பஸ் ஸ்டாண்டில், திட்டு வாங்கிக்கொண்டு.

அவள் அழவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை நிமிர்த்தவில்லை. டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஜிலேபி, தலை பின்னல், மூடிய கண்.

அப்போது என் அப்பா குறுக்கே வந்தார். நல்லதுக்குத்தான் வந்தார். "வுடும்மா, வுடும்மா. சின்னப் பொண்ணு, தெரியாம சொல்லிடுச்சு. கூடப் படிக்கிற பசங்ககிட்ட பெருமையா சொல்லிக்கினு இருந்திருக்கு. எம்பொண்ணு போன்லயே சொல்லிச்சு. அதுக்குப் போயி அடிப்பாங்களா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

கோபமாகப் பார்த்தாள் என்றால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் காத்திருந்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று. ஒரு பஸ் ஹாரன் அடித்தது, கண்டக்டர் யாரோ "திருவண்ணாமலை, திருவண்ணாமலை" என்று கத்திக்கொண்டிருந்தார், நான் என் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

உங்களில் இரண்டு பேர் குனிந்து அந்த மிட்டாய்களைப் பொறுக்கி அவளிடம் நீட்டினீர்கள். யாரென்று ஞாபகம் இருக்கும். அவள் வாங்கிக்கொண்டாள். நன்றி சொன்னாள் என்றுகூட நினைக்கிறேன். பிறகு அப்பாவுக்குப் பின்னால் ஏரிப்பக்கம் நடந்தாள். ஸ்வெட்டரைக் கழற்றவில்லை.

அதோடு சரி. அவள் வகுப்புக்கு வரவில்லை. பள்ளிக்கூடம் திறந்தபோதும் வரவில்லை. அம்மாவின் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள், மலைக்குப் போகிறாள் என்றார்கள். டீச்சர் இரண்டு முறை தேடிப் போனாராம், தெருவுக்குள் விடவில்லை. அடுத்த வருஷம் சுவரிலிருந்த விளம்பரத்தை டீச்சரே சுண்ணாம்பு வாங்கி அடித்துவிட்டார். விமானம் கொஞ்ச நாள் மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்தது. அவர் செத்தபோது நாம் எல்லோரும் மாலை வாங்கிக்கொண்டு போனோம். யாரும் இதைப் பேசவில்லை. என் அப்பாவும் போய்விட்டார், அந்தப் பெண்தான் பெருமைக்குச் சொன்னது என்று நம்பிக்கொண்டே. பாவம், எத்தனையோ பேரிடம் பரிதாபமாக அதைச் சொல்லியிருக்கிறார்.

அவள் யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்கள் வீட்டு வாசலுக்கு அந்த அத்தை வந்திருப்பாள். மாதக்கணக்கில் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

குரூப்பில் கேட்டீர்கள் இல்லையா, அவள் நம்பர் யாரிடமாவது இருக்கிறதா, அவளையும் சேர்த்து டிக்கெட் போடலாம் என்று? நம்பர் இல்லை. இருக்கிற இடம் தெரியும்.

போன மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கரியாலூர் அருவிக்குப் போனேன். மலைப் பாதையில் ஒரு வளைவில் ரோடு வேலை. தார் டின்கள், ஜல்லி, அனல். வடநாட்டுப் பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருபக்கம்தான் வழி என்பதால் எங்கள் காரை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது ஒரு பெண். புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் சிவப்புக் கொடி. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பையன்களோடு ஏதோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள், தடதடவென்று இந்தியில், இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு. பையன்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

"அம்மா, இந்த ஊர் ஆன்ட்டி இந்தி பேசறாங்க!" என்று என் மகள் கத்தினாள். "நீ பேசும்மா அவங்ககூட. உனக்குத்தான் தெரியுமே. ஜன்னல இறக்கு."

ஏசி போட்டிருக்கிறது என்றேன்.

அவள் திரும்பினாள். காருக்குள் பார்த்தாளா, பார்த்தாலும் தெரிந்திருக்குமா, தெரியவில்லை. எதிரிலிருந்து கடைசி வண்டி வந்து கடந்தது. மரவள்ளிக் கிழங்கு லாரி, மூட்டைகள் மேல் நாலைந்து பெண்கள். அது வளைவைத் தாண்டி மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எங்களைப் போகச் சொல்லிக் கையை ஆட்டினாள்.